கால்பந்தைக் கெடுப்பது பணமா, பங்கீடா?

2019 மே 18. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம். மான்செஸ்டர் சிட்டி வாட்ஃபோர்டை 6–0 என்று நொறுக்கித் தள்ளியது. அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அதற்கு முன் ஒரே ஒரு கிளப்தான் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. 1903-இல் டார்பி கவுன்ட்டியை 6–0 என்று வென்ற பெரி. நூற்றுப் பதினாறு ஆண்டுகளாகத் தனியாக நின்ற அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிட்டியின் பெயரும் ஏறிக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, பெரியை லீக்கிலிருந்தே வெளியேற்றினார்கள். தோற்றதால் வந்த தண்டனை இல்லை இது. முந்தைய சீசனில்தான் அந்த அணி இரண்டாம் இடம் பிடித்து மேல் பிரிவுக்கு ஏறியிருந்தது. வீரர்களுக்குச் சம்பளம் பாக்கி, கடனை அடைக்கப் பணம் இருக்கிறது என்று லீக்குக்குக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். எட்டு மாதத்துக்கு முன் அந்தக் கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. 1885-இல் பிறந்த கிளப், 125 ஆண்டுகள் லீக்கில் ஆடிய கிளப். அதன் கிக் லேன் மைதானத்துக்கும் சிட்டியின் மைதானத்துக்கும் நடுவே சில மைல் தூரம்தான். இரண்டும் கிரேட்டர் மான்செஸ்டருக்குள்ளேயே இருக்கின்றன.

‘பணம் கால்பந்தைக் கெடுத்துவிட்டதா?’ என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டு 6–0தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆட்டத்தில் பணம் அதிகமாகிவிட்டதா என்பது ஒன்று. அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

பணம் புதிதாக வந்ததல்ல

இங்கிலாந்தில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அனுமதித்ததே 1885-இல்தான். அதற்கு முன்பும் மேசைக்கு அடியில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1905-இல் ஆல்ஃப் காமன் என்ற வீரரை 1,000 பவுண்டுக்கு மிடில்ஸ்பரோ வாங்கியபோது, ஒரு மனிதனுக்கு இவ்வளவு விலையா என்று நாடே அதிர்ந்தது. 1979-இல் டிரெவர் ஃபிரான்சிஸுக்கு 10 லட்சம் பவுண்டு. அப்போதும் அதே அதிர்ச்சி. 2017-இல் நெய்மாருக்காகப் பாரிஸ் சான் ஜெர்மன் கொடுத்தது 22.2 கோடி யூரோ. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தில்தான் ஆட்டம் கெட்டுப்போனதாக நம்புகிறது. தாத்தா காலத்து ஆட்டம்தான் சுத்தமானது என்கிறது. தாத்தாவைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

ஆகவே ‘பணம் அதிகம்’ என்ற புகாரை மட்டும் வைத்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது. பணம் வந்ததால் நல்ல புல்தரை வந்தது, பாதுகாப்பான மைதானங்கள் வந்தன, உலகின் எந்த மூலையில் பிறந்த திறமையும் ஒரே லீக்கில் ஆடுவதைப் பார்க்க முடிகிறது. இன்று ஒரு சாதாரண சனிக்கிழமை ஆட்டத்தில் தெரியும் வேகமும் நுட்பமும் நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒளிப்பதிவுகளில் தெரிவதில்லை. திரையில் பார்க்கும் ரசிகனுக்கு இது பொற்காலம் என்றே சொல்லலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். நான் கட்டும் சந்தாவும் இந்தச் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போகிறேன்.

எதிராளி இல்லாமல் வியாபாரம் இல்லை

இனி, இந்தக் கட்டுரையின் மையமான கருத்து: போட்டிச் சமநிலை. பெயர்தான் கொஞ்சம் கனமானது, விஷயம் எளியது.

ஒரு சோப்பு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்க் கம்பெனி இழுத்து மூடப்பட்டால் இவர்களுக்குக் கொண்டாட்டம். சந்தை முழுதும் கைக்கு வந்துவிடும். விளையாட்டில் அது நடக்காது. எதிரணி இல்லையென்றால் விற்பதற்குச் சரக்கே இல்லை. ஒரு ஆட்டம் என்பது இரண்டு கிளப்புகள் சேர்ந்து தயாரிக்கும் பொருள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வால்டர் நீல் 1964-இல் இதற்குக் குத்துச்சண்டையிலிருந்து ஓர் உதாரணம் எடுத்தார். ஜோ லூயிஸ் உலக ஹெவிவெயிட் சாம்பியன். அவருக்குப் பெரும் பணம் வரவேண்டுமென்றால் மேக்ஸ் ஷ்மெலிங் போன்ற பலமான எதிராளி வேண்டும். 1936-இல் ஷ்மெலிங் லூயிஸை வீழ்த்தியிருந்தார். அதனால்தான் 1938-இல் நடந்த மறுமோதலுக்கு அவ்வளவு மவுசு. லூயிஸ் ஜெயிக்க ஆசைப்படலாம், ஆனால் ஷ்மெலிங் இல்லாமல் போவது அவருக்கு நஷ்டம். லூயிஸ்–ஷ்மெலிங் முரண் என்று இதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

கால்பந்துக்கும் இது அப்படியே பொருந்தும். ஒவ்வொரு கிளப்பும் எல்லோரையும் நசுக்கத்தான் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். ஆனால் ஒரே கிளப் எல்லோரையும் ஆண்டுதோறும் நசுக்கிவிட்டால் லீக் சவசவத்துப்போகும். அதனால் ‘யாரும் யாரையும் வெல்லலாம்’ என்ற நிலை ஓரளவுக்காவது இருக்கும்படி லீக்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நிலைக்குத்தான் போட்டிச் சமநிலை என்று பெயர். எல்லா அணியும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும் என்று பொருளில்லை. ஆட்டம் தொடங்கும்முன் முடிவு தெரிந்துவிடக் கூடாது, சீசன் தொடங்கும்முன் சாம்பியன் தெரிந்துவிடக் கூடாது. அவ்வளவு போதும்.

பங்கீடு எப்படிப் பிரிந்தது

பழைய ஆட்கள் இதைப் புரிந்துதான் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1983 வரை, டிக்கெட் விற்ற பணத்தில் ஒரு பங்கை மைதானத்துக்குச் சொந்தமான கிளப், விருந்தாளி கிளப்புக்குக் கொடுக்க வேண்டும். நீ வந்து ஆடியதால்தானே கூட்டம் கூடியது என்ற நியாயம். அந்த ஆண்டோடு அது நின்றது. பெரிய மைதானம் வைத்திருந்த கிளப்புகள் முழுப் பணத்தையும் தாங்களே வைத்துக்கொண்டன. ஒளிபரப்புப் பணத்தை நான்கு பிரிவுகளின் 92 கிளப்புகளும் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தன. 1980-களின் நடுவில் அதுவும் மாறி, பாதிப் பணம் மேல் பிரிவுக்கே என்றானது. 1992-இல் மேல் பிரிவுக் கிளப்புகள் பிரிந்துபோய் பிரீமியர் லீக்கைத் தொடங்கின. முதல் ஒளிபரப்பு ஒப்பந்தம் ஐந்து சீசனுக்கு 30.4 கோடி பவுண்டு என்று பேசப்பட்டது. 2025-இல் தொடங்கிய உள்நாட்டு ஒப்பந்தம் நான்கு சீசனுக்கு 670 கோடி பவுண்டு. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ இருபத்தேழு மடங்கு. இது உள்நாட்டுப் பணம் மட்டும்; வெளிநாட்டு உரிமைகளுக்கு வருவது தனி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரீமியர் லீக் தன் வீட்டுக்குள் பணத்தைப் பிரிப்பது, ஐரோப்பாவின் மற்ற பெரிய லீக்குகளோடு ஒப்பிட்டால், நியாயமாகத்தான் இருக்கிறது. உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி எல்லோருக்கும் சமம். கால் பங்கு பட்டியலில் பிடித்த இடத்தைப் பொறுத்தது. மீதிக் கால் பங்கு, எத்தனை ஆட்டம் நேரலையாகக் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. இதனால் ஒளிபரப்புக் கணக்கில் முதல் கிளப்புக்குக் கிடைப்பது கடைசிக் கிளப்பைவிட ஒன்றரை மடங்கு அல்லது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கடைசி இடத்தில் முடித்த கிளப்புக்கும் ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் வந்துவிடுகிறது. ஸ்பெயினில் 2015 வரை ஒவ்வொரு கிளப்பும் உரிமையைத் தனித்தனியே விற்றது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் அள்ளிக்கொண்டு போக, சின்னக் கிளப்புகள் மீதியைப் பொறுக்கின. அரசு ஆணை போட்டபிறகுதான் கூட்டாக விற்கத் தொடங்கினார்கள்.

அப்படியானால் இங்கிலாந்தில் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை, இடம் மாறிவிட்டது. லீக்குக்குள் மேடு பள்ளம் குறைந்தது. லீக்கின் வாசற்படியில் பெரிய பள்ளம் விழுந்தது. பிரீமியர் லீக்கில் கடைசி இடத்துக்கும் அதற்குக் கீழே உள்ள சாம்பியன்ஷிப் பிரிவில் முதல் இடத்துக்கும் நடுவே ஒளிபரப்பு வருமானம் செங்குத்தாக விழுகிறது. பிரீமியர் லீக்கின் கடைசி இடங்களில் முடித்து இந்தக் கீழ்ப் பிரிவுக்கு விழுந்தவர்கள் திவாலாகிவிடக் கூடாது என்று ‘பாராசூட் தொகை’ கொடுக்கிறார்கள். அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு, பிரீமியர் லீக் கிளப் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் சமப் பங்கில் முறையே 55, 45, 20 சதவீதம். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தத் தொகையோடு இறங்கி வரும் கிளப், பல ஆண்டுகளாகச் சாம்பியன்ஷிப்பிலேயே கிடக்கும் கிளப்போடு மோதும்போது அது சமமான மோதலாக இருப்பதில்லை. மற்றவர்கள் ஈடுகொடுக்கக் கடன் வாங்குகிறார்கள். சாம்பியன்ஷிப் கிளப்புகளின் மொத்தச் சம்பளச் செலவு அவற்றின் மொத்த வருமானத்தையே தாண்டிய சீசன்கள் பல உண்டு. நூறு ரூபாய் சம்பாதித்து நூற்றைந்து ரூபாயைச் சம்பளமாகவே கொடுக்கும் தொழில் வேறு எங்கும் நடக்குமா என்று தெரியவில்லை. மேலே ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற சூதாட்டம்தான் அது.

ஏறினாலும் நிலைப்பது கடினம். 2023–24 சீசனில் புதிதாக ஏறிய லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் மூன்றும் அதே சீசனில் இறங்கின. அடுத்த சீசனில் ஏறிய லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றும் அப்படியே இறங்கின. வந்தவர்கள் எல்லோரும் திரும்புவது அதற்கு முன் பிரீமியர் லீக்கில் ஒரே ஒரு முறை, 1997–98-இல்தான் நடந்திருந்தது. ஏறிய அணியின் ரசிகன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் காத்திருந்து மேலே வந்தவன், டிசம்பர் மாதத்துக்குள் இறங்கப்போகும் தேதியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அயாக்ஸ் அணிக்கு என்ன ஆனது

நாடுகளுக்கு நடுவிலான ஏற்றத்தாழ்வு இதைவிடக் கொடியது. அதைப் புரிந்துகொள்ள ஓர் அணியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

1995 மே மாதம், வியன்னா. ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் அயாக்ஸ், இத்தாலியின் ஏ.சி. மிலானை எதிர்கொள்கிறது. மாற்று வீரராக வந்த பேட்ரிக் க்ளூய்வர்ட் 85-ஆவது நிமிடத்தில் கோல் அடிக்கிறார். வயது 18. ஆட்டம் 1–0. தான் வளர்த்த பையன்களை வைத்து ஐரோப்பாவை ஜெயித்த கிளப். அந்த அணி இன்னும் பல ஆண்டு ஆளும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜான்-மார்க் போஸ்மன் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடியவர். ஒப்பந்தம் முடிந்த பிறகும், பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போக விடாமல் அவருடைய பழைய கிளப் தடுத்தது, மாற்றுத் தொகை கேட்டு. அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இலவசமாகப் போகலாம். ஒன்றிய நாடுகளின் வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கவும் கூடாது. அப்புறம் என்ன? 1996-இல் எட்கர் டேவிட்ஸ், மைக்கேல் ரைசிகர் இருவரும் மிலானுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு வியன்னாவில் கோல் அடித்த க்ளூய்வர்டும் போனார், அதே மிலானுக்கு. ஒப்பந்தம் முடிந்திருந்ததால் அயாக்ஸுக்கு இவர்களால் மாற்றுத் தொகையே கிடைக்கவில்லை. தோற்ற அணி, ஜெயித்த அணியை ஆள் ஆளாக எடுத்துக்கொண்டது.

இதில் வில்லன் யார்? போஸ்மன் இல்லை. வேலை ஒப்பந்தம் முடிந்த மனிதனை ஒரு நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்வது எந்த நியாயத்திலும் சேராது. இங்கிலாந்தில் 1961 வரை வீரர்களுக்கு வாரச் சம்பளம் அதிகபட்சம் 20 பவுண்டு என்று உச்சவரம்பே இருந்தது. அது நீங்கியதும் ஃபுல்ஹம் கிளப்பின் ஜானி ஹெயின்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார். பழைய சமநிலையைப் பற்றி ஏக்கத்தோடு பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். அந்தச் சமநிலையின் செலவில் பெரும்பகுதியை வீரர்கள்தான் ஏற்றார்கள், கிளப் முதலாளிகள் அல்ல. வீரர்களை விடுவித்தது சரி. விடுவித்த பிறகு, அவர்களை வளர்த்த சின்னக் கிளப்புகள் பிழைக்க வேறு ஏற்பாடு செய்யாமல் விட்டதுதான் கோளாறு.

விளைவைப் பாருங்கள். 2004-இல் போர்ச்சுகலின் போர்ட்டோ சாம்பியன்ஸ் லீக் வென்றது. அதற்குப் பிறகு 2005 முதல் 2025 வரை கோப்பை இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என்ற ஐந்து நாடுகளை விட்டு வெளியே போகவில்லை. முன்பு கிளாஸ்கோவின் செல்டிக் வென்றிருக்கிறது (1967), ருமேனியாவின் ஸ்டியூவா வென்றிருக்கிறது (1986), பெல்கிரேடின் ரெட் ஸ்டார் வென்றிருக்கிறது (1991). செல்டிக் அணியின் பதினொரு பேரும் தங்கள் மைதானத்திலிருந்து ஏறத்தாழ முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். இனி அப்படி ஒன்றைப் பார்ப்போம் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

உள்நாட்டு லீக்குகளிலும் இதே கதைதான். பயேர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினொரு முறை ஜெர்மன் சாம்பியன். யுவென்டஸ் இத்தாலியில் தொடர்ந்து ஒன்பது முறை. ஜெயித்தால் சாம்பியன்ஸ் லீக் இடம், அதில் பணம், பணத்தில் நல்ல வீரர்கள், வீரர்களால் மறுபடி ஜெயம். நீண்ட காலக் கணக்கில், ஒரு கிளப் கொடுக்கும் சம்பளத்தை வைத்தே அது பட்டியலில் எங்கே முடிக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எது வேண்டுமானாலும் நடக்கும். பத்து ஆண்டில் சம்பளப் பட்டியல்தான் ஜெயிக்கும்.

முதலாளி வந்தால் தீருமா?

இந்தச் சக்கரத்துக்குள் நுழைய ஒரு குறுக்கு வழி உண்டு. கிளப்பின் வருமானத்தை நம்பாமல் வெளியிலிருந்து பணத்தைக் கொட்டும் ஒரு முதலாளி வர வேண்டும். 2003-இல் செல்சியை ரோமன் அப்ரமோவிச் வாங்கினார். 2008-இல் மான்செஸ்டர் சிட்டியை அபுதாபியும், 2011-இல் பாரிஸ் சான் ஜெர்மனைக் கத்தாரும், 2021-இல் நியூகாசிலைச் சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியும் எடுத்துக்கொண்டன. ஒரு நாட்டின் கருவூலமே கிளப்பின் பின்னால் நின்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

ஆனால் நியாயமாகப் பேசினால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய பணக்காரக் கிளப்புகளின் ஏகபோகத்தை உடைத்ததும் இந்தப் புதுப் பணம்தான். நியூகாசில் 2025 மார்ச்சில் லிவர்பூலை 2–1 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கியது. அந்தக் கிளப்புக்கு உள்நாட்டுப் பெரிய கோப்பை ஒன்று கிடைத்தது 1955-க்குப் பிறகு அப்போதுதான். எழுபது ஆண்டு. அன்று கண்ணீர் விட்ட கிழவர்களைப் பார்த்து ‘இது கடன் வாங்கிய சந்தோஷம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே நேரம், தன் ஊர் அணிக்காக ஒரு வெளிநாட்டு அரசின் செயல்களுக்கு வக்காலத்து வாங்கும் நிலைக்கு ரசிகர்கள் தள்ளப்படுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கடக்க முடியாது.

வருமானத்துக்கு மேல் செலவு செய்யாதே என்று விதிகளும் வந்தன. பிரீமியர் லீக்கில் மூன்று ஆண்டுகளுக்கு 10.5 கோடி பவுண்டு வரைதான் நஷ்டம் காட்டலாம் என்றொரு விதி இருந்தது. அதை மீறியதற்காக 2023–24 சீசனில் எவர்ட்டனுக்கும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கும் புள்ளிகளைப் பிடுங்கினார்கள். 2023 பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டியின் மீது நூற்றுக்கும் மேற்பட்ட நிதி விதிமீறல் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. கிளப் அவற்றை மறுக்கிறது. இந்த விதிகள் பெரி போன்ற விபத்துகளைக் குறைக்கலாம். ஆனால் வருமானத்துக்கு ஏற்ற செலவு என்றால், வருமானம் அதிகமுள்ள கிளப் அதிகமாகச் செலவு செய்யலாம் என்றுதானே அர்த்தம்? முதலில் மாடி ஏறியவர்கள் ஏணியை மேலே இழுத்துக்கொண்டதாகக் கீழே இருப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

சரி, ரசிகன் என்ன நினைக்கிறான்?

இங்கேதான் போட்டிச் சமநிலைக் கோட்பாடு கொஞ்சம் தடுமாறுகிறது. முடிவு தெரிந்த லீக்கை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதானே கணக்கு? பயேர்ன் பதினொரு முறை ஜெயித்த காலத்திலும் ஜெர்மன் மைதானங்கள் நிரம்பி வழிந்தன. பிரீமியர் லீக்கில் கீழ்மட்டக் கிளப்பின் மைதானத்திலும் காலி இருக்கை தேடினால்தான் கிடைக்கும். கூட்டம் குறைகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஆய்வாளர்களுக்குள்ளும் ஒருமித்த முடிவு இல்லை. பலமான அணி தன் ஊருக்கு வந்தால், தோற்போம் என்று தெரிந்தே கூட்டம் கூடுகிறது.

காரணம், ரசிகன் பார்வையாளன் மட்டும் இல்லை. சோப்பு பிடிக்காவிட்டால் அடுத்த சோப்புக்கு மாறிவிடுவான். கிளப்பை மாற்ற மாட்டான். தோற்றாலும் போவான், மழையிலும் போவான். இந்த விசுவாசத்தைத்தான் சந்தை விலையாக்குகிறது. அவனுக்கு எரிச்சல் மூட்டுவது பெரும்பாலும் பட்டியலில் யார் முதலிடம் என்பது இல்லை. டிக்கெட் விலை, தன் வேலைக்கோ வீட்டுக்குத் திரும்பும் ரயிலுக்கோ ஒத்துவராத ஆட்ட நேரம், தன்னைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவுகள், இவைதான்.

2016 பிப்ரவரி 6, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம். புதிதாகக் கட்டும் கேலரியில் மிக விலையுயர்ந்த டிக்கெட் 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் லிவர்பூல் 2–0 என்று முன்னிலை. 77-ஆவது நிமிடம் வந்ததும் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே நடந்தார்கள். சொந்த அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போவது என்பது ரசிகனுக்கு எவ்வளவு கடினம் என்று ஆட்டம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் அடித்தது. ஆட்டம் 2–2 என்று முடிந்தது. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதமே, எதிரணியின் ஊருக்குப் போய்ப் பார்க்கும் ரசிகர்களுக்கு டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்புகள் முடிவெடுத்தன.

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களின் கோபம் வேறு மாதிரி. 2005-இல் கிளேசர் குடும்பம் அந்தக் கிளப்பை வாங்கியது, பெரும்பகுதி கடன் பணத்தில். அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். வீட்டை வாங்குபவர் வீட்டுக் கடனை அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர்களைக் கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? வெறுத்துப்போன ஒரு கூட்டம் பிரிந்துபோய் அதே ஆண்டு எஃப்.சி. யுனைடெட் என்று சொந்தமாக ஒரு கிளப்பையே தொடங்கிவிட்டது.

ஜெர்மனியில் மைதானம் நிரம்புவதற்கு ஒரு காரணம், அங்கே ரசிகனுக்குக் கொஞ்சம் குரல் இருக்கிறது. ‘50+1’ என்று சொல்வார்கள். கிளப்பில் வெளி முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும், வாக்குகளில் பாதிக்கு மேல், ஒரு வாக்காவது கூடுதலாக, உறுப்பினர்களின் சங்கத்திடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் என்று சில விதிவிலக்குகள் உண்டு. நின்று பார்க்கும் மலிவான பகுதிகளும் அங்கே இருக்கின்றன; டோர்ட்மண்டின் தெற்கு கேலரியில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நிற்கலாம். 2023 டிசம்பரில் லீக் நிர்வாகம், இருபது ஆண்டு ஒளிபரப்பு வருமானத்தில் எட்டு சதவீதத்தை ஒரு முதலீட்டாளருக்கு விற்கலாம் என்று முடிவெடுத்தது. ரசிகர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் டென்னிஸ் பந்துகளையும் தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் காசுகளையும் மைதானத்துக்குள் எறிந்தார்கள். வீரர்கள் பந்து பொறுக்கிப் போட, நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஆட்டங்கள் நிமிடக் கணக்கில் நின்றன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பயேர்னின் ஆதிக்கத்தை 50+1 தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமநிலை வேறு, உரிமை வேறு.

கதவைத் திறந்து வைப்பதா, மூடுவதா?

அமெரிக்காவில் இதற்கெல்லாம் மருந்து இருக்கிறதே என்பார்கள். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் (அது வேறு ஆட்டம்) லீக்கான என்.எஃப்.எல்.-இல் சம்பள உச்சவரம்பு உண்டு, வருமானத்தைப் பகிர்கிறார்கள், கடைசி இடம் பிடித்த அணிக்குத்தான் அடுத்த ஆண்டு புது வீரர்களில் முதல் தேர்வு. உண்மைதான். ஆனால் அங்கே யாரும் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதில்லை, யாரும் ஏறி வருவதும் இல்லை. முப்பத்திரண்டு அணிகளின் முதலாளிகள் கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் சமத்துவம் பேசுகிறார்கள். அந்த வீரர்களுக்குப் போக அதே தரத்தில் வேறு லீக்கும் இல்லை. கால்பந்தில் ஒரு நாடு மட்டும் உச்சவரம்பு வைத்தால் அன்று மாலையே வீரர் அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறிவிடுவார்.

2021 ஏப்ரல் 18 அன்று பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் அறிவித்த ஐரோப்பிய சூப்பர் லீக், இந்த மூடிய கதவின் ஐரோப்பிய நகல்தான். அதைத் தொடங்கிய கிளப்புகளுக்கு நிரந்தர இடம். ஜெயித்தாலும் தோற்றாலும் வெளியேற்றம் கிடையாது. இரண்டு நாள் கழித்து செல்சியின் மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் தெருவை மறித்து, அணியின் பேருந்தை நிறுத்தினார்கள். முன்னாள் கோல்கீப்பர் பீட்டர் செக் இறங்கி வந்து, பேருந்துக்கு வழிவிடும்படி கெஞ்சினார். அன்றிரவுக்குள் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் பின்வாங்கின. கவனித்தால், அன்று தெருவில் நின்றவர்கள் பணக்காரக் கிளப்பின் ரசிகர்கள். அந்தத் திட்டத்தால் லாபம் அடையப்போகிறவர்கள். தங்கள் அணி இறங்கவும் வாய்ப்பு இருக்க வேண்டும், பெரி போன்ற ஒன்று ஏறி வரவும் வழி இருக்க வேண்டும் என்று அவர்கள்தான் கேட்டார்கள்.

அந்த வழி எவ்வளவு ஒடுங்கியது என்பதற்கு லெஸ்டர் சாட்சி. 2015–16-இல் ஒன்றுக்கு ஐயாயிரம் என்ற பந்தய விகிதத்தை மீறி பிரீமியர் லீக்கை வென்றது. அந்தக் கோடையிலேயே நடுக்கள வீரர் என்கோலோ கான்ட்டேயைச் செல்சி வாங்கியது. அடுத்த சீசனில் செல்சி சாம்பியன். வென்று தந்த பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரியை ஒன்பது மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். 2023-இல் லெஸ்டர் கீழே இறங்கியது, ஏறியது, 2025-இல் மறுபடி இறங்கியது. அயாக்ஸின் கதைதான், கொஞ்சம் வேகமாக.

என் கருத்தைக் கேட்டால், தொழில்முறைக் கால்பந்து பார்ப்பதற்குக் கெட்டுப்போகவில்லை. நம்புவதற்குத்தான் கடினமாகிவிட்டது. ஒரு சில கிளப்புகளின் ரசிகர்களுக்குக் கோப்பைக் கனவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. மற்ற எல்லோருக்கும் அது ஆயுளில் ஒரு முறை வரும் விபத்து. பணத்தை வெளியேற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பிரிக்கும் விதியை மாற்றலாம், கணக்கைக் கண்காணிக்கலாம். இங்கிலாந்தில் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. கிளப்புகளுக்கு உரிமம் தருவதற்கும், வாங்க வருபவரின் தகுதியைப் பார்ப்பதற்கும், மேல் கீழ்ப் பிரிவுகள் பங்கீட்டில் ஒத்துவராவிட்டால் தலையிடுவதற்கும் சுதந்திரமான ஓர் ஒழுங்குமுறை அமைப்பு வந்திருக்கிறது. அப்படி ஒரு சட்டத்துக்கான கோரிக்கைக்கு வலுச் சேர்த்த பெயர்களில் ஒன்று பெரி.

அந்தப் பெரி என்ன ஆனது? ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் புதுக் கிளப் தொடங்கிப் பக்கத்து ஊர் மைதானத்தில் ஆடினார்கள். இன்னொரு சாரார் பணம் திரட்டி, அரசு உதவியும் பெற்று, 2022-இல் கிக் லேன் மைதானத்தை மீட்டார்கள். சேர்வதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வைத்துச் சண்டை போட்டு, கடைசியில் 2023-இல் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாம் நிலையில் பெரி தன் பழைய பெயரில், பழைய மைதானத்தில் ஆடத் தொடங்கியது. பார்க்க ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வழக்கமாகச் சில நூறு பேருக்கு முன்னால் ஆடும் சின்னச் சின்ன ஊர்களின் அணிகள் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வந்து ஆடிவிட்டுப் போயின. இரண்டு சீசன் கழித்து, 2025-இல், பெரி சாம்பியனாகி எட்டாம் நிலைக்கு ஏறியது.